நூலைப் படியெடுத்தலும் நூலாசிரியனைப் பட்டினியிடுதலும்



உள்ளங்கையினும் சற்றே பெரிய ஒரு பலகை. அதன் எடை ஒரு சிறு பொத்தகத்தின் எடைக்கு மேற்படாது. ஆயினும் அதனுள்ளே தொல்காப்பியம் தொட்டு நேற்று வெளிவந்த நூல் வரை ஆயிரக்கணக்கான நூல்கள் அடங்கும். மின்னூற் படிப்பி என்று அதனைக் குறிக்கலாம். செல்வர் கையில் மட்டும் இருந்த அக்கருவி, இன்று மாணவர் கைக்கும் ஆசிரியர் கைக்கும் வந்து சேர்ந்துள்ளது. அதன் வரவு குறித்து மகிழாதார் இலர். ஆனால், அக்கருவி எவ்வளவு சிறந்தது என்பதன்று இங்கு வினா. அதனுள் நிரப்பப்படும் நூல்கள் எவ்வழியில் வருகின்றன என்பதே வினா. தமிழ் நூல் வாழ்வதும் மாய்வதும் அவ்வினாவிற்குத் தமிழர் தரும் விடையில் அடங்கியுள்ளன.

கருவியும் அதன் விலையும்

முதலில் அக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். கைப்பேசித் திரையைப் போல அதன் எழுத்து ஒளியை உமிழ்வதன்று. தாளில் மை படிந்தாற்போலவே அதில் எழுத்துத் தோன்றும். மயிரிழையின் பருமனளவே உள்ள நுண்சிமிழ்கள் அதன் திரை முழுதும் பரப்பப்பட்டுள்ளன. ஒவ்வொரு சிமிழுள்ளும் வெள்ளைத் துகள்களும் கருந்துகள்களும் மிதக்கின்றன. மின்விசை தாக்கும்போது ஒருவகைத் துகள் மேலெழும், மற்றொருவகை கீழிறங்கும். எழுத்து அமைந்த பின்னர் அதனை அவ்வாறே நிறுத்திவைக்க மின்விசை வேண்டா. பக்கம் புரட்டும்போது மட்டுமே வேண்டும். அதனாற்றான் ஒருமுறை மின்னேற்றினால் அது கிழமைக் கணக்கில் உழைக்கிறது.

இம் மின்மையை உருவாக்கிய ஈ-இங்கு நிறுவனம் 1997-இல் அமெரிக்காவில் தோன்றியது. 2004-இல் சோனி நிறுவனம் இவ்வகைப் படிப்பியைச் சப்பானில் விற்பனைக்குக் கொணர்ந்தது. 2007 நவம்பரில் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் படிப்பியை 399 தாலருக்கு விற்றது. நான்கே ஆண்டுகளில், 2011-இல், விளம்பரம் தாங்கிய எளிய வகை 79 தாலருக்குக் கிடைத்தது. 2012-இல் அஃது இந்தியாவிற்கு வந்தபோது அதன் விலை 6,999 உருபா. விலை இறங்க இறங்கப் படிப்போர் பெருகினர்.

ஆனால் தமிழுக்கு அக்கடையில் இடம் கிடைக்க மேலும் நான்காண்டுகள் ஆயின. 2016 திசம்பரில்தான் தமிழ் உட்பட ஐந்து இந்திய மொழிகளின் நூல்களை அமேசான் தன் மின்னூற் கடையில் வரிசைப்படுத்தியது. கையிற் கருவி இருந்தும் கடையில் தமிழ் நூல் இல்லாத அந்த இடைவெளியைத் தமிழர் எவ்வாறு நிரப்பினர்? அச்சு நூலின் பக்கங்களைப் படம் பிடித்துக் கோப்பாக்கி, ஒருவர்க்கொருவர் அனுப்பி நிரப்பினர். அன்று தேவையாற் பிறந்த வழக்கம், இன்று தேவை தீர்ந்த பின்னும் தீராது நிற்கிறது. வாட்சாப்பு எனப்படும் புலனக் குழுக்களிலும் டெலிகிராம் குழுக்களிலும் ஒரு நூல் வெளிவந்த சில கிழமைக்குள் அதன் பக்கப்படங்கள் உலவுகின்றன. அவற்றை அனுப்புவோர் அதனைத் தமிழ்த்தொண்டு என்றே எண்ணுகின்றனர்.

இருதிறத்தார் வழக்கு

இதுபற்றி உலகெங்கும் இருதிறத்தார் சொற்போர் நிகழ்த்துகின்றனர். ஒரு திறத்தார், "ஆசிரியர் இசைவின்றி நூலைப் படியெடுப்பது களவு; களவுக்கு வேறு பெயர் இல்லை" என்கின்றனர். மற்றொரு திறத்தார், "பொருளைத் திருடினால் உடையவன் அதனை இழக்கிறான், மின்னூலைப் படியெடுத்தாலோ உடையவனிடமும் நூல் இருக்கிறது, எடுத்தவனிடமும் இருக்கிறது, இது களவாவது எங்ஙனம்?" என்று வினவுகின்றனர். அறிவு காற்றைப் போலப் பொதுவாதல் வேண்டும் என்பது அவர்தம் கொள்கை.

இரண்டாந் திறத்தார் கூற்றை எளிதில் தள்ளிவிடுதல் ஆகாது. உயர்கல்வி நூல்களின் விலையைக் காணுங்கள். மேனாட்டு வெளியீட்டு நிறுவனங்கள் வைக்கும் விலையில் ஓர் ஏழை மாணவன் ஒரு பாடத்திற்குரிய நூல்கள் அனைத்தையும் வாங்குதல் இயலாது. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஒரு படியெடுப்புக் கடை, பாடநூற் பகுதிகளைத் தொகுத்து மாணவர்க்குக் குறைந்த விலையில் தந்தது. ஆக்சுபோர்டு, கேம்பிரிட்சு முதலிய வெளியீட்டு நிறுவனங்கள் அக்கடையின்மீது வழக்குத் தொடுத்தன. 2016 செப்டம்பரில் தில்லி உயர்முறை மன்றம் அவ்வழக்கைத் தள்ளியது. பதிப்புரிமை என்பது கடவுள் தந்த உரிமையன்று. மக்கள் நலன் கருதிச் சட்டம் வகுத்த உரிமையே என்பது அத்தீர்ப்பின் கருத்து. கல்விக்காகப் படியெடுத்தலுக்குச் சட்டமே இடந்தந்துள்ளது என்பது அதனால் தெளிவாயிற்று.

அறிவியல் ஆய்விதழ்களின் செய்தியும் அத்தகையதே. அவ்விதழ்களில் கட்டுரை எழுதும் அறிஞர்க்கு வெளியீட்டு நிறுவனங்கள் பொதுவாகக் கூலி தருவதில்லை. அவ்வாராய்ச்சிகளுட் பல மக்கள் வரிப்பணத்தில் நிகழ்கின்றன. அங்ஙனம் எழுந்த கட்டுரையை மக்களுக்கே பெருவிலைக்கு விற்பது நயன்மையா என்னும் வினா எழுந்தது. கட்டுரைகளை விலையின்றி வழங்கிய சைஅப் என்னும் இணையத்தளத்தின்மீது 2020 திசம்பரில் தில்லியில் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2025-இல் அத்தளத்தை இந்தியாவில் முடக்குமாறு முறைமன்றம் ஆணையிட்டது. அத்தீர்ப்பைக் கண்டு வருந்திய மாணவரும் அறிஞரும் பலர்.

இவ்விரு வழக்குகளையும் காட்டித்தான், தமிழ் நூலைப் படியெடுத்து விடுவோரும் தமக்கு அரண் தேடுகின்றனர். அவர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஆங்குப் படியெடுக்கப்பட்ட நூல்கள், பன்னாடுகளில் கிளை பரப்பிய பெருநிறுவனங்களின் சரக்கு. ஈங்குப் படியெடுக்கப்படுவன, கடன் வாங்கி அச்சிட்ட ஒரு சிற்றூர்ப் புலவரின் நூல்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தல் அறமாகுமா?

படியால் வாழ்ந்த மொழி

படியெடுத்தல் தமிழுக்குப் பகையன்று. படியெடுத்தலாலேயே தமிழ் வாழ்ந்தது. ஓலைச்சுவடியின் வாழ்நாள் வரம்புடையது. கறையானும் நீரும் நெருப்பும் அதன் பகைகள். ஒரு சுவடி சிதையுமுன் மற்றொரு சுவடியில் அதனை எழுதிவைத்த பெயர் தெரியாத கைகளே கழக இலக்கியங்களை ஈராயிரம் ஆண்டுகள் சுமந்து வந்தன. அக்கைகள் ஓய்ந்த இடங்களில் நூல்கள் மாய்ந்தன. எஞ்சியவற்றைத் தேடியெடுத்து அச்சேற்றிய பெருமக்களைத் தமிழுலகம் மறவாது. சி.வை. தாமோதரனார் 1887-இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். உ.வே. சாமிநாதர் 1892-இல் சிலப்பதிகாரத்தையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அவர்கள் சுவடி தேடி அலைந்திராவிடின் இன்று தமிழர் பெருமை பேசுதற்குச் சான்று எங்கே?

ஒரே இடத்தில் வைத்த செல்வம் ஒரே இரவில் அழியும் என்பதற்கு யாழ்ப்பாணம் கண்கண்ட சான்று. 1981 மே 31-ஆம் நாள் இரவு தொடங்கி, சிங்களக் காவற்படையினரும் வன்முறைக் கும்பலும் யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குத் தீ வைத்தனர். ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய சுவடிகளும் சாம்பலாயின. அவற்றுட் பலவற்றிற்கு வேறு படியே இல்லை. ஒரு படி மட்டுமே இருந்த நூல், அத்தீயில் என்றென்றைக்குமாக மறைந்தது. ஆயிரம் படி இருந்த நூலையோ எந்தத் தீயாலும் அழிக்க இயலாது.

அத்தீயின் பாடத்தைத் தமிழர் கற்றனர். 2005-இல் ஈழத் தமிழர் நூலகம் என்னும் மின்னூலகத்தைத் தொடங்கி, ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் மின்வடிவாக்கி உலகிற்கு விலையின்றி வழங்கி வருகின்றனர். அதற்கு முன்பே, 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கலியாணசுந்தரம் தலைமையில் மதுரைத் திட்டம் தொடங்கப்பெற்றது. பல நாடுகளில் சிதறிய தமிழர், கூலி கருதாது, தம் ஓய்வுப் பொழுதில் பழந்தமிழ் நூல்களை எழுத்தெழுத்தாகத் தட்டச்சுச் செய்து இணையத்தில் ஏற்றினர். இவை களவல்ல. பழைய ஏடெழுதுவோர் செய்த தொண்டின் தொடர்ச்சியே இவை. இவற்றை எண்ணித் தமிழன் தலைநிமிரலாம்.

அன்பர் செய்யும் கேடு

அங்ஙனமாயின் இன்றைய நூலைப் படியெடுத்து விடுவதும் அத்தொண்டில் அடங்காதா என்று கேட்கலாம். அடங்காது. ஏடெழுதியவன் மாயவிருந்த நூலை வாழவைத்தான். இன்று வெளிவந்த நூலைப் படியெடுத்து விடுபவனோ, வாழவேண்டிய நூலைப் பிறவாமலே செய்கிறான்.

எடுத்துக்காட்டிற்காக ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு சிறு பதிப்பகம் வேர்ச்சொல் ஆய்வு நூல் ஒன்றை 300 படிகள் அச்சிடுகிறது என்று கொள்க. ஒரு படியின் விலை 300 உருபா. அனைத்தும் விற்றால் வருவது 90,000 உருபா. கடைக்காரர் கழிவு மூன்றில் ஒரு பங்கு போக 60,000 உருபா எஞ்சும். தாள், அச்சு, கட்டுமானம், எழுத்துக்கோப்பு, மெய்ப்புத் திருத்தம், அஞ்சற் செலவு ஆகிய அனைத்தும் அதற்குள் அடங்கல் வேண்டும். ஆசிரியர்க்கு நூற்றுக்குப் பத்து என்றால் 9,000 உருபா. ஐந்தாண்டு உழைப்புக்கு ஒன்பதாயிரம்! இதுவும் அனைத்துப் படிகளும் விற்றால்தான். இந்நிலையில் அந்நூலின் பக்கப்படம் ஐந்நூறு பேர் கொண்ட ஒரு குழுவில் விடப்படுமானால் நிகழ்வது என்ன? அந்நூலை வாங்கக் கூடியவர் தமிழுலகிலேயே முந்நூறு பேர்தாம். அவருட் பெரும்பாலோர் அக்குழுவிலேயே இருக்கின்றனர்!

இதுவே இச்செய்தியின் முள். பல இலக்கம் படிகள் விற்கும் ஓர் ஆங்கிலப் புதினத்தைச் சிலர் களவாகப் படித்தால் அதன் ஆசிரியர் வறியராகிவிட மாட்டார். தனித்தமிழ் நூலைக் களவாகப் படிப்பவர் யார்? தமிழ்ப் பகைவரா? பகைவர் அதனைத் தொடவும் மாட்டார். தமிழன்பரே படிக்கின்றார், தமிழன்பரே பரப்புகின்றார், தமிழன்பராலேயே அந்நூலின் இரண்டாம் பதிப்பு வாராமற் போகின்றது. தாயை வாழ்த்திக்கொண்டே அவள் உலையில் நீரூற்றும் செயல் இது.

நூலுக்குச் செலவிடும் உழைப்பின் அளவைச் சிலர் உணர்வதில்லை. மொழிஞாயிறு பாவாணர் தலைமையில் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தைத் தமிழக அரசு தொடங்கியது 1974-இல். பாவாணர் மறைந்தது 1981-இல். முதல் மடலம் அச்சேறியது 1985-இல். அரசின் துணை இருந்தும் முதற்பகுதி வெளிவரப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அரசின் துணையே இல்லாத தனியொருவர் ஒரு சொல்லாய்வு நூலை முடித்தற்கு எத்தனை ஆண்டு விளக்கெரிக்க வேண்டும்!

அரசு முன்வருவதற்கு முன்பு பாவாணரின் அகரமுதலிப் பணியைத் தாங்க முனைந்தவர் யார்? பாவலரேறு பெருஞ்சித்திரனார் தென்மொழி இதழின் வழியாக விடுத்த அழைப்பை ஏற்று, எளிய ஆசிரியரும் அலுவலரும் மாணவரும் திங்கள்தோறும் தம் வருவாயில் ஒரு பங்கை அனுப்பினர். நூல் இன்னும் எழுதப்படவே இல்லை. எழுதப்படல் வேண்டும் என்பதற்காகப் பணம் தந்தனர். எழுதாத நூலுக்கே விலை தந்த இயக்கத்தின் வழிவந்தோர், எழுதி அச்சிட்ட நூலுக்கு விலை தர மறுத்தல் தகுமா?

பூட்டும் களவே

இத்துடன் நிறுத்தினால் நயன்மையின் ஒரு பாதியே கூறியதாகும். மறுபாதியும் உண்டு. மின்னூலை விற்கும் பெருநிறுவனங்கள் படிப்போரிடம் நேர்மையாக நடக்கின்றனவா?

அச்சு நூலை வாங்கியவன் அதன் உடைமையாளன். அதனை நண்பனுக்குத் தரலாம், நூலகத்திற்கு ஈயலாம், மக்களுக்கு விட்டுச்செல்லலாம். கடைக்காரன் நள்ளிரவில் வீட்டிற்குள் வந்து அதனை எடுத்துச்செல்ல இயலாது. மின்னூலை வாங்கியவனுக்கோ அவ்வுரிமைகள் இல்லை. 2009 சூலையில் அமேசான் நிறுவனம், தன்னிடம் விலை கொடுத்து வாங்கியோர் படிப்பிகளிலிருந்தே ஆர்வெலின் இரு நூல்களைத் தொலைவிலிருந்து அழித்தது. அவற்றைக் கடையில் ஏற்றியவர்க்கு அதற்குரிய உரிமை இல்லை என்பது அது கூறிய கரணியம். பணம் திருப்பித் தரப்பட்டது. நூல் போயிற்று. அவற்றுள் ஒன்று, பழைய ஏடுகளை அரசே அழித்துத் திருத்தும் கொடுமையைக் கூறும் நூல் என்பது இங்கு எண்ணத்தக்கது. 2019-இல் மைக்ரோசாப்ட்டு நிறுவனம் தன் மின்னூற் கடையை மூடியபோது, அதனிடம் வாங்கிய நூல்கள் அனைத்தும் படிக்கவியலாமற் போயின. 2025 பிப்ரவரியில், வாங்கிய கிண்டில் நூலைக் கணிப்பொறியில் இறக்கிக் கம்பி வழியாகப் படிப்பிக்கு மாற்றும் வசதியையும் அமேசான் நீக்கிவிட்டது.

இவற்றால் அறியப்படுவது யாது? விற்பனை என்ற பெயரில் நடப்பது குத்தகையே. தமிழ் நூல்கள் அனைத்தையும் ஓர் அயல்நாட்டு நிறுவனத்தின் பெட்டியில் இட்டு, திறவுகோலையும் அதனிடமே தந்துவிடுவது, யாழ்ப்பாணத் தீயின் பாடத்தை மறந்ததாகும். தீயின்றியும் நூலகம் அழியலாம். ஒரு வணிகத் தீர்மானம் போதும். இப்பூட்டைக் கண்டு வெகுண்டே பலர் களவுப்படியை நாடுகின்றனர். அவர் சினம் பொருளுடையது. ஆனால் பூட்டியவன் வணிகன். பட்டினி கிடப்பவன் புலவன். ஒருவன்மீது கொண்ட சினத்தை மற்றொருவன்மீது காட்டுவது முறையன்று.

தமிழகம் கண்ட வழி

பூட்டும் வேண்டா, களவும் வேண்டா என்றால் மூன்றாவது வழி உண்டா? உண்டு. அதனைத் தமிழகமே முன்பு கண்டது.

பாரதியார் 1921-இல் மறைந்தார். அவர் பாடல்களின் உரிமை தனியார் கைகளிற் சிக்கியிருந்தது. மக்கள் பாடலை மக்கள் பாடுதற்கு ஒருவர் இசைவைப் பெறவேண்டிய நிலை. தமிழறிஞரும் மக்களும் குரலெழுப்பினர். 1949-இல் அரசு அவ்வுரிமையைப் பெற்றது. பின்னர் அதனை மக்களுக்கே பொதுவாக்கியது. உரிமையைப் பிடுங்கவில்லை, உடையவர் இசைவுடனே பெற்றது. அந்நெறி பின்னர் நாட்டுடைமைத் திட்டமாக வளர்ந்தது. ஆசிரியரின் வழியினர்க்குப் பரிவுத்தொகை. நூல்கள் மக்களுக்குப் பொது. மறைமலையடிகள், பாவேந்தர், பாவாணர், பெருஞ்சித்திரனார் உள்ளிட்ட நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் நூல்கள் இங்ஙனம் நாட்டுடைமையாயின.

இதனோடு இந்திய நடுவணரசின் செயலை ஒப்புநோக்குங்கள். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பின் 50 ஆண்டுகள் உரிமை நின்றது. தாகூர் மறைந்தது 1941-இல். 1991 முடிவில் அவர் நூல்கள் மக்களுக்குப் பொதுவாகியிருத்தல் வேண்டும். அவ்வேளையில் நடுவணரசு சட்டத்தைத் திருத்தி, 50 ஆண்டை 60 ஆண்டாக்கியது. ஒரு பாவலர்க்காக இந்தியா பூட்டை நீட்டியது. ஒரு பாவலர்க்காகத் தமிழகம் பூட்டைத் திறந்தது. இவ்வேறுபாடு தமிழர் பெருமிதம் கொள்ளத்தக்கது.

அச்சட்டத்தின்படியே 1950-இல் மறைந்த மறைமலையடிகளின் நூல்கள் 2011 முதலும், 1964-இல் மறைந்த பாவேந்தரின் நூல்கள் 2025 முதலும் எவ்வாற்றானும் உரிமைத்தளை நீங்கியனவாம். ஆகவே தமிழன் விலையின்றிப் படிக்கத்தக்க நூல்களுக்குப் பஞ்சமில்லை. களவாடவேண்டிய தேவையுமில்லை.

செய்ய வேண்டுவன

ஆயினும் ஒரு குறை உண்டு. இந்நூல்களுட் பல பக்கப்படமாகவே கிடக்கின்றன. ஆறு விரற்கடையளவான சிறு படிப்பியில் பெரும்பக்கத்தின் படத்தை ஏற்றினால் எழுத்து எள்ளினும் சிறிதாகிவிடும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடிவிடும். முதியோர் படிக்க இயலாது. சொல்லைத் தேடவும் இயலாது. எழுத்தெழுத்தாக ஒருங்குறியில் அமைத்த நூலாயின், திரைக்கேற்ப வரி மடங்கும், எழுத்தைப் பெரிதாக்கலாம், பார்வையற்றோர் செவியாற் கேட்கலாம், ஒரு சொல் எங்கெங்கு வருகிறது என்று நொடியில் காணலாம். விலை குறைந்த படிப்பி தமிழனுக்கு முழுப்பயன் தருவது அப்போதுதான்.

அதற்கான களமும் அணியமாக உள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை விக்கிமூலம் என்னும் தளத்தில் ஏற்றப்பட்டுள்ளன. அங்கே ஒருபால் பக்கப்படமும் மறுபால் எழுத்தும் நிற்கும். கணிப்பொறி பிழைபடப் படித்ததைக் கண்ணுள்ள தமிழர் திருத்தல் வேண்டும். ஒற்றுப்பிழை நீக்கவும் சந்தி அறிந்து பிரிக்கவும் தமிழறிந்தோர்க்கே இயலும். நாளொன்றுக்கு ஒரு பக்கம் திருத்தினால் ஓராண்டில் ஒரு பெருநூல் வாழ்வு பெறும். புலனக் குழுவில் களவுப்படியைத் தள்ளிவிடும் விரல், அதே பொழுதில் ஒரு பக்கத்தைத் திருத்தலாமன்றோ?

பதிப்பகத்தார்க்கும் கடமை உண்டு. மின்னூலாக வெளியிட்டால் களவாடிவிடுவர் என்று அஞ்சி, மின்னூலே வெளியிடாதிருத்தல் களவையே வளர்க்கும். நேர்வழியில் கிடைக்காத நூலைத்தான் படிப்போர் குறுக்குவழியில் தேடுவர். தாளும் கட்டுமானமும் அஞ்சலும் இல்லாத மின்னூலுக்கு அச்சு நூலின் விலையையே வைத்தலும் முறையன்று. பூட்டில்லாத கோப்பாக, எந்தக் கருவியிலும் படிக்கத்தக்கதாக, குறைந்த விலையில் தம்மிடமே நேராக விற்றல் வேண்டும். வாங்கியவன் அதற்கு உடையவன் என்னும் நம்பிக்கை பிறந்தால் அவனும் நேர்மையாக நடப்பான். விலையின்றித் தரவிரும்பும் ஆசிரியர்க்கும் நெறி உண்டு. 2013 முதல் இயங்கும் கட்டற்ற தமிழ் மின்னூல் திட்டத்தின் வழியாக, வாழும் எழுத்தாளர் பலர் தாமே மனமுவந்து தம் நூல்களைப் பொதுவாக்கியுள்ளனர். தானே தருவது கொடை. கேளாது எடுப்பது கொள்ளை. இரண்டிற்கும் இடையே உள்ள வேலி, ஆசிரியரின் இசைவு என்னும் ஒரு சொல்லே.

அரசுக்கும் ஒரு வேண்டுகை. பொது நூலகங்களுக்கு அச்சு நூல் வாங்குவது போலவே மின்னூலும் வாங்கி, மக்களுக்கு இரவல் தருதல் வேண்டும். வாங்க இயலாத ஏழை மாணவனைக் கள்வன் என்று இகழ்வதினும், அவன் கையெட்டும் தொலைவில் நூலை வைப்பதே அரசின் அறம்.

படிப்போர் கைக்கொள்ள வேண்டிய நெறி எளியது. நாட்டுடைமையான நூலா? உரிமைக்காலம் கடந்த நூலா? தயங்காமற் படியெடுங்கள்; ஊரெல்லாம் பரப்புங்கள். வாழும் ஆசிரியரின் நூலா? விற்பனையில் உள்ள நூலா? விலை கொடுத்து வாங்குங்கள். அதன் பக்கப்படம் எவரிடமிருந்து வந்தாலும் அடுத்தவர்க்கு அனுப்பாதீர்கள். கிடைக்குமிடத்தைச் சொல்லி அனுப்புங்கள். உரிமை இருந்தும் மறுபதிப்பின்றி மறைந்துவரும் நூலா? ஆசிரியரையோ அவர் வழியினரையோ தேடிச்சென்று இசைவு பெறுங்கள். இசைந்து தருபவரே பலராயிருப்பர். கேட்பார் இல்லாமையே குறை.

பெருமக்களே! மொழியைக் காப்பது மேடை முழக்கத்தால் மட்டும் ஆவதன்று. பிறசொல் கலவாது பேசினால் மட்டும் போதாது. பிறர் உழைப்பைக் கவராது படித்தலும் வேண்டும். சொல்லில் தூய்மை வேண்டுவோர் செயலிலும் தூய்மை வேண்டல் கடனாம். படிப்பியின் விலை இன்னும் இறங்கும். நாளை ஒவ்வொரு தமிழ்ப் பிள்ளையின் கையிலும் அஃது இருக்கும். அன்று அதனுள் ஏற்றுதற்குப் பழைய நூல்கள் மட்டுமே இருக்குமா, புதிய தமிழ் நூல்களும் இருக்குமா என்பதை, இன்று தமிழர் வாங்கும் நூலும் வாங்காது விடும் நூலுமே முடிவு செய்யும்.

பழந்தமிழ் நூலைப் பரப்புக! புதுத்தமிழ் நூலை வாங்குக! எழுதும் கை ஓயாதிருக்கத் தமிழர் கை நீளுக!